நீல வெளிச்சத்தில் ஒரு சிவப்புச் சேலை

மாலை ஐந்து இருபதுக்கு எல்லாம் பிழையாகத் தொடங்கியது. மகள் ஜெனிற்றா கோயிலில் பாட்டுப் பழகப் புறப்பட்டதும் மணிக்கூட்டைப் பார்த்தேன், அதனால் நேரம் நினைவிருக்கிறது. அவள் திரும்பி வர ஒரு மணித்தியாலமாகும். ஒரு தாய் பிள்ளைக்கு உதவி செய்து கெடுக்க அது தாராளம்.

மறுநாள் அவளுடைய பாடசாலையில் விஞ்ஞானக் கண்காட்சி. தெரிவானால் மாகாணப் போட்டிக்குப் போகலாம். என் கவலை அதுவல்ல, இவள் வாய் திறப்பாளா என்பதுதான். பதினைந்து வயதாகியும் வீட்டுக்கு ஆட்கள் வந்தால் அலுமாரிக்குப் பின்னால் போய் நிற்கிற பிள்ளை. (என் வளர்ப்புத்தான். கந்தோரில் எழுதுவினைஞர் வேலை பார்த்தாலும், எனக்கு முழுநேரத் தொழில் பயப்படுவது.)

பிரிஜ் வந்த பெரிய அட்டைப்பெட்டியை நிமிர்த்தி, உள்ளே கறுப்புத் தாள் ஒட்டியிருந்தாள். முன்னால் எட்டிப் பார்க்க ஒரு துவாரம், பின்னால் திரைச்சீலை. உள்ளே வெள்ளை பல்ப் ஒன்று, நீல பல்ப் ஒன்று. நடுவே, தங்கூசி என்கிற நைலோன் தூண்டில் நூலில் தொங்கும், மரத்தால் செய்த சிவப்பு மீன். இதெல்லாம் எதற்கு என்று ஒரு கிழமையாக எனக்கு விளங்கப்படுத்தினாள். நானும் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டே "ஓம், ஓம்" என்றேன்.

அன்று ஆசையாக நீல பல்பைப் போட்டு எட்டிப் பார்த்தால் மீனைக் காணவில்லை. இருட்டில் கரிக்கட்டை மாதிரி ஏதோ தொங்கியது. தெரியாத மீனுக்கு யார் பரிசு கொடுப்பார்கள்? வீட்டிலிருந்த நீல நிற மூடி ஒன்றை உள்ளே வைத்துப் பார்த்தேன். பளிச்சென்று தெரிந்தது. அந்தக் கணத்தில் நான் என்னை ஒரு விஞ்ஞானி என்றே நம்பினேன்.

எங்கள் கரையில் வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய பெயின்ற் வீணாகாது. கேற், கதிரை, நாய்க்கூடு எல்லாம் வள்ளத்தின் நிறமாகிவிடும். என் கணவரின் வள்ளம் நீலம். அடுத்த பத்து நிமிடத்தில் மீனும் நீலம். பிள்ளைக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று திரையை இழுத்து மூடிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

ஆச்சரியமாகத்தான் இருந்தது.

மறுநாள் கல்யாண வீட்டுக்குப் போவதுபோல என் சிவப்புச் சேலையை உடுத்திக்கொண்டு போனேன். நடுவராக வந்தவர் சிரிக்காத முகத்தோடு ஒரு பௌதிகவியல் ஆசிரியர். ஜெனிற்றா தரையைப் பார்த்தபடி, மெல்லிய குரலில், உள்ளே ஒரு சிவப்பு மீன் இருக்கிறது என்று தொடங்கி வெள்ளை பல்பைப் போட்டாள். அவர் குனிந்து பார்த்தார்.

"பிள்ளை, இது நீலமெல்லே?"

அவளும் எட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, பெயின்ற் அடிச்சனீங்களோ?"

ஓம் என்று தலையை ஆட்டினேன். அவள் அழுவாள், அலுமாரி தேடுவாள் என்று நினைத்தேன். அவளோ என் சேலையைத் தலைப்பிலிருந்து கரைவரை, கடையில் துணி பார்ப்பதுபோல ஒருமுறை பார்த்தாள்.

"செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ளுக்குப் போங்கோ."

நாற்பத்தேழு வயதில், ஊரே பார்க்க, பிரிஜ் பெட்டிக்குள் புகுந்தேன். இன்னும் காயாத மீன் என் கன்னத்தில் ஒட்டியது. வெள்ளை பல்ப் அணைந்து நீலம் எரிந்தது. குனிந்து பார்த்தேன், என் சேலை கறுப்பாகிப்போய் இருந்தது. வெளியே ஒரு குரல் கேட்டது. அது என் மகளின் குரல் என்று பிடிபட எனக்குச் சற்று நேரம் எடுத்தது.

"சேர், ஒளிபுகாப் பொருள் ஒண்டில வெளிச்சம் விழுந்தா, அது சில நிறத்தை உறிஞ்சிப்போட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்பும். அந்த மிச்சத்தைத்தான் நாங்கள் நிறம் எண்டு பாக்கிறம். அம்மாவின்ர சேலை சிவப்பை மட்டும்தான் திருப்பி அனுப்பும். இந்த வெளிச்சத்தில சிவப்பு இல்லை, அனுப்ப அதிட்ட ஒண்டுமில்லை. ஆழக்கடலிலயும் இப்பிடித்தான், சிவப்பு வெளிச்சம் கீழ போய்ச் சேராது. இப்ப பாருங்கோ, நீல மீன் தெரியுது, சிவப்பு தெரியேல்ல. பெரிய மீன் வந்தா எதை முதல் பிடிக்கும்?"

"நீலத்தை," என்றார் நடுவர். பிறகு, "முகம் மட்டும் மிதக்குது," என்று சிரித்தார்.

நான் கெடுத்த மீனையே அவள் சாட்சியாக்கிவிட்டாள். ஒரு மீனைவிட இரண்டு மீன் நல்லது என்று நடுவர் பாராட்டியதைப் பெட்டிக்குள் நின்றபடியே கேட்டேன். மாகாணத்துக்குத் தெரிவானதையும் அங்கே நின்றுதான் கேட்டேன். வெளியே வர விடவில்லை. முழுப் பாடசாலையும் வரிசையில் நின்றது. வியர்வையும் பெருமையும் சேர்ந்து வழிந்ததில், கண்ணில் வந்தது எது என்று எனக்கே தெரியவில்லை.

இப்போதும் வீட்டில் எது பிழையானாலும் முதல் கேள்வி, "அம்மா பெயின்ற் அடிச்சவவோ?" என்பதுதான்.

அன்று பெட்டியைப் பார்க்கக் கடைசியாக வந்தவர் என் கணவர். கடலிலிருந்து வந்து, கட்டியிருந்த சாரத்தோடேயே வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் துவாரத்தில் கண்ணை வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு மகளிடம் சொன்னார்:

"சிவப்பு மீன் தெரியேல்லப் பிள்ளை. ஆனா, அது பயந்துகொண்டு நிக்கிறது நல்லாத் தெரியுது."