கிளாஸ்கோவைக் காட்டிப் பேரம் பேசிய கதை

நேர்முகத் தேர்வுக்குப் போகிறவன் தன் அம்மாவிடம் யோசனை கேட்கவே கூடாது. அதிலும் அந்த அம்மா பிரிக்பீல்ட்ஸ் சந்தையின் மீன்காரர்களை எல்லாம் பேரம் பேசியே அழவைத்தவளாக இருந்தால், அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது.

அப்பா தண்டவாளம் பதிக்கும் கூலி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தின் உட்புறத்தைப் பார்த்த முதல் ஆள் நான். படிப்பு முடிந்ததும் கோலாலம்பூரில் பொறியியல் பயிற்சிப் பள்ளி ஒன்றுக்கு மனுப் போட்டேன். இடம் கிடைத்தால் நிழலில் வரைபட மேசை. கிடைக்காவிட்டால் அப்பாவோடு வெயிலில் சம்மட்டி.

சும்மா போகிற ஆளா நான்? கிளாஸ்கோ, மதராஸ் என்று கடிதம் எழுதி, அங்கெல்லாம் என்ன பாடம், எந்தப் பாடம் படித்தால் என்ன வேலை என்ற விவரப் புத்தகங்களைக் கப்பலில் வரவழைத்து ஒப்பிட்டேன். தபால்காரர் என்னைத் 'தொரை' என்று கூப்பிட ஆரம்பித்தார். (நான் திருத்தவில்லை.)

"இதெல்லாம் அங்க சொல்லலாமாம்மா?" என்று கேட்டேன்.

மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். "சொல்லாம? பாசார்ல நான் என்ன பண்றேன்? ஆசையைக் காட்டினா போச்சு. அந்தக் கடையில செவுள் சிவப்பா இருக்கு, ஒன்னுது வெளுத்துக் கெடக்குன்னு சொல்லணும்டா. நாலு கடை பார்த்தவன்னு தெரிஞ்சாத்தான் மதிப்பான்."

இரவல் கோட்டுக்குள் வியர்த்தபடி, விவரப் புத்தகங்களை மேசைமேல் பரப்பிவிட்டு, பள்ளி முதல்வரான வெள்ளைக்காரத் துரையின் முன் உட்கார்ந்தேன். "இங்கே ஏன் சேர விரும்புகிறாய்?" என்று ஆங்கிலத்தில் அன்பாகத்தான் கேட்டார்.

நான் செவுளைத் தூக்கிப் பார்த்தேன்.

"இன்னும் முடிவு செய்யவில்லை, ஐயா. கிளாஸ்கோவில் பகலில் பட்டறை, மாலையில் வகுப்பு. படித்து வருபவனுக்குக் கையும் பழகியிருக்கும். மதராஸில் நில அளவையை வெளியே கூட்டிப்போய்க் கற்றுத் தருகிறார்கள். இங்கே வரைபடம், வரைபடம், மறுபடி வரைபடம். நீராவிப் பாடமும் கொஞ்சம் பழசு."

"இந்தப் பாடத்திட்டத்தை எழுதியது யார் தெரியுமா?"

"தெரியாது, ஐயா. ஆனால் அவர் இன்னும் நாலு இடம் பார்த்திருக்கலாம்."

ஓரத்தில் இருந்த குமாஸ்தா வராத இருமலை இருமினார். துரையின் காதுகள் நல்ல மீனின் செவுள் போலச் சிவந்தன. "நீ கிளாஸ்கோவுக்கே போகலாம்" என்று கதவைக் காட்டினார்.

வெளியே மரத்தடியில் காத்திருந்த அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் முகத்தில் கவலையே இல்லை.

"அவ்வளவுதானே? நட. திரும்பிப் பார்க்காத. மெதுவா நட. கூப்பிடுவான் பாரு."

நடந்தோம். தேர்கூட அவ்வளவு மெதுவாகப் போனதில்லை. வாசலை நெருங்கும்போது, "தம்பி! தம்பி!" என்று பின்னாலிருந்து குரல். குமாஸ்தா ஓடி வந்தார். அம்மா என் விலாவில் இடித்தாள். "சொன்னேன்ல! ஒடனே சரின்னு சொல்லிடாத."

"புத்தகத்த எல்லாம் வச்சிட்டு வந்துட்டியே லா" என்று கிளாஸ்கோவையும் மதராஸையும் என் கையில் திணித்தார் குமாஸ்தா.

அம்மா விடவில்லை. "ஐயா, ஒங்க தொரை முடிவா என்னதான் சொல்றாரு?"

"அக்கா, அடுத்த வருசம் கூட்டிட்டு வாங்க. வாய மட்டும் வீட்ல வச்சிட்டு வரச் சொல்லுங்க."

அந்த வருடம் முழுக்க அப்பாவோடு சம்மட்டி அடித்தேன். (கிளாஸ்கோ பாடத்திட்டத்தில் பாதி முடிந்தது.) மறு வருடம் துரை அதே கேள்வியைக் கேட்டபோது, "எனக்கு வேறு இடம் இல்லை, ஐயா" என்று மட்டும் சொன்னேன். காய்த்துப்போன என் கைகளைச் சற்று நேரம் பார்த்தார். சேர்த்துக்கொண்டார்.

இன்றும் நான் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பினால் யாரும் தடுப்பதில்லை. "மெதுவா நடங்க, கூப்பிடுறோம்" என்கிறாள் என் மனைவி. சொன்னபடி கூப்பிடவும் செய்கிறாள், நான் மறந்து வைத்துவிட்ட மூக்குக் கண்ணாடியைக் கொடுக்க.