நத்தைக்குத்தி நாரையும் ஜன்னலோர அறையும்

என் மனைவி சொன்ன ஒரு விவரத்தை ஏழு வருடமாகச் சந்தேகப்பட்டு வந்தேன். வெளியே சொன்னதில்லை. சந்தேகப்படும் தைரியம் எனக்கு உண்டு. கேட்கும் தைரியம்தான் கிடையாது.

விவகாரம் ஓர் அறை. ஏழு வருடம் முன்பு நாங்கள் குடிவந்த வீட்டில், ஏரியைப் பார்த்த ஜன்னல் உள்ள அறை. பறவை பார்க்க அது எனக்கே என்று பைனாகுலரும் கையுமாகப் பிரகடனம் செய்தேன். தையல் மெஷின் போட அவளுக்கும் அதே அறைதான் வேண்டுமாம். கரையில் ஒரு நாரை நின்றிருந்தது.

“அது எந்த நாரைன்னு சரியாச் சொல்றவங்களுக்கு ரூம்!” என்றேன். ஐம்பது வயதில் பேசுகிற பேச்சா?

அந்த ஏரிக்கு வருவது இரண்டே வகை. நத்தைக்குத்தி நாரைக்கு, வாய் மூடியிருந்தாலும் அலகு நடுவில் இடுக்கு தெரியும். மஞ்சள்மூக்கு நாரைக்கு இடுக்கு கிடையாது. வால் பக்கம் ரோஸ் நிறம். இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்த மேதாவியும் நான்தான்.

பைனாகுலரில் பார்த்தேன். இடுக்கே இல்லை.

“மஞ்சள்மூக்கு! ரூம் எனக்கு!”

“இங்க குடுங்க.” பார்த்தாள். “ரோஸ் எங்கங்க?”

“அது குஞ்சு. கலர் அப்புறம்தான் வரும்.”

“மூக்கும் மஞ்சளா இல்லையே?”

“அதுவும் அப்புறம் வரும்.”

“எல்லாமே அப்புறம் வருமா? அப்போ இது நத்தைக்குத்திக் குஞ்சு. அதுக்கும் இடுக்கு வளர வளரத்தான் வரும்.”

“அப்படியெல்லாம் கிடையாது!”

“உண்டு. பொறக்கும்போதே யாருக்காவது பல் இருக்கா? இதுகூடத் தெரியாம, பறவை பாக்க ஒரு ரூம் வேற!”

குரலில் அப்படி ஓர் உறுதி. நான் யோசித்து முடிப்பதற்குள் தையல் மெஷின் உள்ளே போய்விட்டது. ஒரு பக்கம் தூக்கியது நான்.

அன்று முதல் நானும் பைனாகுலரும் பின்பக்கம், வாஷிங் மெஷினுக்கு அருகில். அங்கிருந்து தெரிவது பின்வீட்டுக்காரரின் பனியன் மட்டும். அவரும் என்னைச் சந்தேகிக்கத் தொடங்கிவிட்டார்.

புத்தகத்தைப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். அவள் சொன்னது பொய்யானால் சண்டை போட்டாக வேண்டும். நிஜமானால் புலம்பும் உரிமையும் போய்விடும். இரண்டில் எதற்கு அதிகம் பயந்தேன்? இன்னும் எனக்கே விளங்கவில்லை.

போன வாரம் நூலகத்தில் ஒரு தடித்த பறவைப் புத்தகம் தானாகக் கையில் சிக்கியது. புரட்டினேன். அவள் சொன்னது அச்சில் இருந்தது. ஏழு வருடம் ஓர் உத்தமியைச் சந்தேகித்த பாவி நான்! நேரே அந்த அறைக்குப் போனேன்.

“நீ அன்னைக்குச் சொன்னது சரிதான். நத்தைக்குத்திக் குஞ்சுக்கு இடுக்கு கிடையாதாம். புத்தகத்துலயே போட்டிருக்கு. என்னை மன்னிச்சுடு.”

தையல் மெஷின் நின்றது. அவள் கண்கள் விரிந்தன.

“அட! நிஜமாவே அப்படித்தானா?”

அப்போதுதான், ஏழு வருடம் கழித்து, வாய்விட்டுக் கேட்டேன்:

“அப்போ அன்னைக்கு அவ்வளவு அடிச்சுச் சொன்னியே, எதை வெச்சு?”