துடித்த நட்சத்திரமும் தரை கழுவிய தேதிகளும்

மாலை நான்கு மணிக்கு உலகத்துக்கு அறிவிக்க வேண்டிய கண்டுபிடிப்பு, இரண்டு மணிக்குத் தரை கழுவும் பதிவேட்டில் மாட்டிக்கொண்டது.

வானாய்வுக் கூடத்தின் துணை ஆய்வாளர் ஒரு ஜோடி நட்சத்திரத்தைக் கவனித்து வந்தார். இரண்டும் ராட்சதங்கள். நீண்டு நசுங்கிய பாதையில் சுற்றுவதால் பதினெட்டு நாளுக்கு ஒருமுறைதான் நெருங்கும். அப்போது ஒன்று மற்றதைப் பிடித்து இழுக்க, இழுபட்டது அடித்த மணிபோல அதிர்ந்து, அதன் ஒளி துடிக்கும். அந்த இரவுகளில் இயக்குநரும் தவறாமல் ஆஜராகிவிடுவார். சரித்திரத்தில் இடம் பிடிக்க வேண்டுமே. துணை ஆய்வாளருக்கு அவ்வளவு பேராசை இல்லை. பதவியில் ஒட்டியிருக்கும் அந்தத் 'துணை' உதிர்ந்தால் போதும்.

தொலைநோக்கி அறையில் மறந்து வைத்த மூக்குக்கண்ணாடியை எடுக்கப் போனவர், ஆணியில் தொங்கிய பதிவேட்டைச் சும்மா புரட்டினார். இயந்திரம் ஓட்டித் தரை கழுவிய தேதிகள்: பன்னிரண்டு. நட்சத்திரம் துடித்த தேதிகளும் அதே பன்னிரண்டு.

"சார், நட்சத்திரம் துடிக்கலை போலிருக்கு. தரை கழுவுறப்ப நம்ம தொலைநோக்கிதான் ஆடியிருக்கு."

காலையிலிருந்தே கோட்டைக் கழற்றாமல் கண்ணாடி முன் உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த இயக்குநர் திரும்பினார். "அந்த நாளையெல்லாம் கணக்குலேந்து எடுத்துடுய்யா. விஞ்ஞானத்துக்குத் துணிச்சல் வேணும்."

எடுத்தார். கூடவே துடிப்பும் போனது. மிஞ்சியது, சும்மா இருக்கும் ஒரு நட்சத்திரம்.

"சரி, இயந்திரத்த ஓட்டிப் பார். ஒண்ணும் ஆடாது."

பகலிலும் எரியும் தூரத்துக் கோபுர விளக்கைத் தொலைநோக்கியில் குறிவைத்து, இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தார்கள். விளக்கு துடித்தது, நட்சத்திரத்தைவிட அழகாக.

இயக்குநர் கோட்டைக் கழற்றினார். "தரை கழுவுற அந்தம்மாவ இன்னியோட நிறுத்திடு. நீயும் வேற இடம் பாத்துக்க."

ஆளனுப்பிக் கூப்பிட்டதும், மூன்றரைக்குத் துப்புரவு அக்கா வாளியோடு வந்து நின்றார்.

"ராத்திரி நாங்க வேலையா இருக்கறப்ப ஏங்க்கா இயந்திரத்த ஓட்டுனீங்க?"

"ராத்திரியா? நான் வர்றதே காலையில எட்டு மணிக்குத்தான் தம்பி. நீங்கல்லாம் கண்ணு சொருகி வீட்டுக்குப் போன அப்புறம்."

துணை ஆய்வாளர் பதிவேட்டைப் பார்த்தார். தேதிக்குக் கட்டம் இருந்தது, நேரத்துக்கு இல்லை. கட்டம் போட்டவர் இயக்குநர். நள்ளிரவுக்கு மேல் துடித்ததும், விடிந்து கழுவியதும் ஒரே தேதியில் ஏறியிருந்தன. அப்படியானால் துடித்தது நட்சத்திரம்தான். அவர் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார்.

இயக்குநர் மறுபடி கோட்டை மாட்டிக்கொண்டார். விசாரணை அதிகாரியின் குரலும் கூடவே வந்தது. "அது சரிம்மா. மத்த நாள்ல துடைப்பத்தோட விட்டுட்டு, அந்தப் பன்னிரண்டு நாள் மட்டும் இயந்திரம் எதுக்கு?"

அக்கா சுவரில் இருந்த பலகையைப் பார்த்தார். 'உள்ளே காபி கொண்டுவரக் கூடாது. உத்தரவு: இயக்குநர்.' பிறகு இயக்குநரைப் பார்த்தார்.

"அந்த நட்சத்திரம் ஆடுற ராத்திரியிலதானே பெரிய சார், நீங்க துள்ளிக் குதிச்சு காபியக் கொட்டுறீங்க."