மச்சான் செய்த சுழல் சீட்டும் கிட்ட வந்த கடலும்

ஃபைலி,
செவ்வாய்க்கிழமை. மழை.

பேரன்புக்குரிய மச்சான் எட்கர் அவர்களுக்கு,

தங்கள் இடுப்புவலி குறைந்து, பட்டறைக் கூரை ஒழுகாமல், தங்கள் நாய் பக்கத்து வீட்டுக்காரரை மறுபடி கடிக்காமல், எல்லாம் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். இங்கு நான் நலம். தங்கள் தங்கை மேவிஸும் நலம் என்றுதான் நினைக்கிறேன். சனிக்கிழமையிலிருந்து அவள் என்னோடு பேசாததால் அடித்துச் சொல்ல முடியவில்லை. மாடியில் பெட்டி கட்டுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. அடுத்த வாரம் உங்கள் சின்னத் தங்கை ஈனிட்டோடு சுற்றுலா பஸ்ஸில் வேல்ஸ் போகிறாளாம். இதை என்னிடம் சொல்லவில்லை. எனக்குக் கேட்கிற மாதிரி பூனையிடம் சொன்னாள். நாங்கள் இருவரும் வேனில் ஸ்காட்லாந்து போவதற்காகத்தான் நான் குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் விரல் மரத்துப்போக வேலை செய்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். அவள் வரவில்லை என்றால் எனக்கு ஸ்காட்லாந்து எதற்கு? ஆகவே நீங்கள் உடனே புறப்பட்டு வந்து, வேன் சீட்டுக்கு அடியில் மாட்டிய உங்கள் சுழல் தட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு, தங்கையிடம் எனக்காக நாலு நல்ல வார்த்தை பேசவேண்டும். நடந்ததை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். கிளெண்டாவின் ஐஸ்கிரீம் கடையில் வேறு மாதிரி சொல்கிறார்கள், காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

ரொட்டிக் கடைக்காரரிடம் வாங்கிய பழைய வேனில் படுக்கை, அடுப்பு, திரைச்சீலை எல்லாவற்றையும் நானே பழுதில்லாமல் முடித்திருந்தேன். "ஓட்டுற சீட்டு பின்னாடி திரும்புச்சுன்னா வீட்டுக்குள்ள ஒரு நாற்காலி மிச்சம் மாப்ள" என்று ஆசை காட்டியது நீங்கள். பட்டறையில் இரண்டு இரும்புத் தட்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, நடுவில் அச்சு கொடுத்து, சீட்டுக்கு அடியில் மாட்டச் சொல்லித் தந்ததும் நீங்கள்தான். மாட்டினேன். சீட்டு நாலு விரற்கடை உயர்ந்துவிட்டது. முன்னால் பார்த்து ஓட்டும்போது தடித்த பூட்ஸ் போட்டால் பெடல் எட்டுகிறது. பின்னால் திரும்பி உட்கார்ந்தால் மண்டை கூரையில் இடிக்கிறது, கால் அந்தரத்தில் தொங்குகிறது, முடிவெட்டக் கூட்டிப்போன சின்னப் பையன் மாதிரி இருக்கிறேன். அதுகூடப் பரவாயில்லை. கதவைத் திறந்து வைத்தால்தான் சீட்டு திரும்பும், அதுவும் ஹேண்ட்பிரேக் குச்சி இடிக்காமல் இருக்க அதை இறக்கிவிட வேண்டும் என்றீர்களே, அங்கேதான் சனி பிடித்தது. "இறக்கிட்டு சக்கரத்துக்கு ஒரு செங்கல் வைங்க" என்றும் சொன்னீர்கள். சொன்னீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மச்சான், நான் யார்? உத்தியோக காலம் முழுக்க இந்த ஊருக்கே ஓட்டுநர் தேர்வு வைத்த அதிகாரி. ஹேண்ட்பிரேக் சரியாகப் போடவில்லை என்று கிளெண்டாவை மட்டும் நாலு தடவை ஃபெயில் ஆக்கி, ஐந்தாவது தடவைதான் பாஸ் போட்டவன். அந்த நான் போய் சக்கரத்துக்குச் செங்கல் வைத்தால் ஊர் என்ன பேசும்?

செங்கல்லுக்குப் பதிலாக நான் ரசமட்டம் எடுத்துப் போனேன். தரை மட்டமாக இருந்தால் வண்டி ஏன் உருளும்? சனிக்கிழமை மேவிஸுக்குப் பிடித்த வெள்ளரிக்காய் சாண்ட்விச்சும் பிளாஸ்க்கில் டீயும் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய், எல்லாரையும் போல வண்டியின் மூக்கைக் கடலைப் பார்த்து நிறுத்தினேன். ஹேண்ட்பிரேக் போட்டேன், பிறகு நியூட்ரல், பிறகு எஞ்சினை அணைத்தேன். இது என் கைக்கு ஊறிப்போன பழக்கம். பிறகு வேனுக்குள் இழுத்தால் நகர்கிற மாதிரி நான் பொருத்திய மேசையில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால் குமிழி நட்டநடுவில் நிற்கிறது. பரம திருப்தி. கதவைத் திறந்து, ஹேண்ட்பிரேக்கை இறக்கி, சீட்டைத் திருப்பி, கதவைச் சாத்தி, மேசையை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டேன். மேவிஸ் எதிரே பின் இருக்கையில். எனக்குக் கடல் முதுகுப்பக்கம், அவளுக்கு நேர் எதிரே.

"நாப்பது வருஷமா ரெண்டு பேரும் கடலைப் பாத்துத்தானே உக்காந்தோம். இப்ப எதுக்கு அதுக்கு முதுகைக் காட்டணும்?" என்றாள்.

"இனிமே மூஞ்சியைப் பாத்துப் பேசலாம், மேவிஸ்."

"பேச என்ன இருக்கு?" என்று சாண்ட்விச்சைப் பிரித்தாள். கொஞ்ச நேரம் மென்றாள். பிறகு, "பெர்னார்ட், கடல் கிட்ட வருது" என்றாள்.

"அலை ஏறுற நேரம். நான் பாத்துட்டுத்தான் வந்தேன்."

"ரொம்ப வேகமா ஏறுது."

"பௌர்ணமி பக்கத்துல வருதுல்ல, அப்படித்தான் இருக்கும்."

"குப்பைத்தொட்டி பின்னாடி போகுது பெர்னார்ட்."

"காத்து அடிக்குதும்மா. நீ டீயைக் குடி."

"பெஞ்சும் போகுது. அதுல ரெண்டு பேரு உக்காந்திருக்காங்க. கையாட்டுறாங்க."

நான் மரியாதைக்குப் பதில் கையாட்டினேன். அப்போதுதான் கிளெண்டா ஐஸ்கிரீம் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடையிலிருந்து ஓடிவருவது ஜன்னல் வழியே தெரிந்தது. அவள் என்ன கத்தினாள் தெரியுமா மச்சான்? "ஹேண்ட்பிரேக், மிஸ்டர் ஹெப்பிள், ஹேண்ட்பிரேக்" என்று. என்னைப் பார்த்து. கிளெண்டா. அந்த வார்த்தையை அவள் வாயால் கேட்ட பிறகு கடலுக்குள் போனாலும் பரவாயில்லை என்றுதான் முதலில் தோன்றியது.

கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறேன், படகு இறக்குகிற சரிவு நேராகத் தண்ணீருக்குள் போகிறது. ஹேண்ட்பிரேக்கை இழுத்தால் வரவில்லை, உங்கள் தட்டு அதன்மேல் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. சீட்டைத் திருப்பக் கதவைத் திறக்க வேண்டும், கதவைத் திறக்க மேசையை நகர்த்த வேண்டும், மேசை என் வயிற்றில் இறுகிக் கிடக்கிறது. பெடல் எல்லாம் என் முதுகுக்குப் பின்னால். "மேவிஸ், ஏதாவது செய்" என்றேன். அவள் சாண்ட்விச்சைப் பல்லில் கடித்தபடியே இடுக்கில் நுழைந்து, இடதுபக்கச் சீட்டில் போய் விழுந்து, ஒரு கையால் என் மண்டையை ஓரமாகத் தள்ளி, மறுகையால் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். சரிவுக்குக் கொஞ்சம் முன்னால் இடதுபக்கம் ஒடித்தாள். கிளெண்டா கடையின் மேசை நாற்காலிகளுக்கு நடுவே, குடைகளுக்கு நடுவே, படுத்திருந்த ஒரு நாயைச் சுற்றி, மேட்டுப் புல்வெளியில் ஏற்றினாள். வேன் மூச்சு வாங்கி நின்றதும் மறுபடி உருளாதபடி அவளே எட்டிக் கியரைப் போட்டாள். ஒரு நாற்காலி சாயவில்லை. என் டீ ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

தரை ஏன் மட்டமாகக் காட்டியது என்று கேட்பீர்கள். மேசையை நான் ரசமட்டம் வைத்துப் பொருத்தியது என் வீட்டு வாசலில். வாசல் கொட்டகைப் பக்கம் சரிவு. வேனின் மூக்கு கொட்டகைச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றதால் அன்றைக்கு உருளவில்லை. கடற்கரையிலும் கணக்காக அதே சரிவு அமைந்துவிட்டது. இதற்கு நான் என்ன செய்ய முடியும்?

இதுவரை நடந்ததற்கெல்லாம் மேவிஸ் கோபப்படவில்லை. ஊரே கூடிக் கைதட்டியது. கன்னமெல்லாம் சிவந்து, நெஞ்சில் ரொட்டித் துணுக்கோடு, கல்யாணத்தன்று பார்த்த முகம் மாதிரி இருந்தது அவளுக்கு. கல்யாணம் ஆனதிலிருந்து ஓட்டக் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டவள். "தேர்வுக்குப் போற பக்குவம் இன்னும் வரல" என்று நான் தள்ளிக்கொண்டே வந்தது தங்களுக்கும் தெரியும். அவள் எல்லார் முன்னாலும் என்னைத் திரும்பிப் பார்த்து, "சொல்லுங்க, பாஸா ஃபெயிலா?" என்றாள்.

நான் பாழாய்ப்போன வாயைத் திறந்தேன். "மொத்தத்துல மோசமில்லை. ஆனா கண்ணாடி பாக்கல. சிக்னல் போடல. ஒரு கையால திருப்புன" என்றேன்.

"அடப்பாவி மனுஷா" என்று கிளெண்டா சொன்னது எல்லாருக்கும் கேட்டது. மேவிஸ் பையை எடுத்துக்கொண்டு, அப்போதே பிடித்துக்கொண்ட மழையில் வீடுவரை நடந்தே போனாள். மேசைக்குள்ளிருந்து என்னை நாலு பேர் சேர்ந்துதான் உருவினார்கள்.

அவ்வளவுதான் மச்சான். நான் நடந்ததைச் சொன்னேன், அது தப்பா? தப்புதான் என்கிறது வீடு. சாப்பாட்டு மேசையில் அவள் தட்டு மட்டும்தான் இருக்கிறது. வேனை விற்றுவிடுகிறேன். வேல்ஸ் பஸ்ஸில் இடம் இருந்தால் நானும் கடைசி வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்து வருகிறேன் என்று அவளிடம் சொல்லுங்கள். தாங்கள் சொன்னால் கேட்பாள்.

தங்கள் வீட்டில் அனைவருக்கும் என் அன்பு. நாய்க்கும் என் விசாரிப்பு. எல்லாரும் நீண்ட ஆயுளோடும் நல்ல பிரேக்கோடும் வாழ வாழ்த்தும்,

தங்கள் மாப்பிள்ளை,
பெர்னார்ட் ஹெப்பிள்

பி.கு: தபால்தலை தேடப்போன நேரத்தில் மேவிஸ் இறங்கிவந்து இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டாள். கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு, மூன்று நாளுக்குப் பிறகு என்னிடம் பேசினாள்.

"நீங்க சொன்ன மூணும் சின்னத் தப்புதானே?"

"ஆமா, யாருக்கும் ஆபத்து வரலையே."

"சின்னத் தப்பு எத்தனை வரைக்கும் பாஸ்?"

"பதினஞ்சு."

"அப்ப?"

இப்படியும் அப்படியும் யோசித்துப் பார்த்தேன் மச்சான். விதி விதிதான். "பாஸ்" என்றேன். ஜன்னலைத் திறந்து தெருவுக்குக் கேட்கும்படி சொல்லச் சொன்னாள். சொன்னேன். எதிர்வீட்டில் கைதட்டினார்கள்.

ஆகவே மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். வேன் விற்பனைக்கு இல்லை. ஈனிட் வேறு துணை பார்த்துக்கொள்வாள். சுழல் தட்டைக் கழற்ற வேண்டாம், இடதுபக்கச் சீட்டுக்கும் ஒன்று செய்து கொண்டு வாருங்கள், இனிமேல் அது என்னுடைய இடம். ஸ்காட்லாந்துக்கு மேவிஸ்தான் ஓட்டப்போகிறாள். நான் கற்றுக்கொடுக்கிறேன் என்றதற்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வியாழக்கிழமையிலிருந்து கிளெண்டா கற்றுக்கொடுக்கிறாள்.

வரும்போது அந்தச் செங்கல்லையும் கொண்டு வாருங்கள். இரண்டாகவே கொண்டு வாருங்கள்.