கொய்னா மனுவும் ஆங்கிலத் தூய்மையும்

வெள்ளைக்காரன் கப்பலேறிய பிறகு அவனுடைய ஆங்கிலம் திருவனந்தபுரத்தில் அனாதையாகிவிடாமல் காப்பாற்றிய பெருமை கரமனை வெங்கடகிருஷ்ணனையே சேரும். அரசு சுகாதார அலுவலகம் ஒன்றில் அவர் சூப்பரெண்டு. பிழையுள்ள காகிதம் எதுவும் அவர் மேசையைத் தாண்டி மேலிடம் போனதில்லை. பிழையில்லாத காகிதமும் அநேகமாகப் போனதில்லை.

1951, கர்க்கடக மாதத்து அடைமழை. பொன்முடிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து கம்பவுண்டர் தாசையன் மனுவோடு மலையிறங்கி வந்தார். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் பதினேழு பேருக்கு மலைக்காய்ச்சல். அதற்குக் கொடுக்கும் கொய்னா மாத்திரை தீர்ந்துவிட்டது.

மனுவைப் படித்த சூப்பரெண்டின் முகம் சுருங்கியது. தோட்டத்தில் என்பதற்கு ‘இன் தி எஸ்டேட்’ என்று எழுதியிருந்தது.

“‘அட் தி எஸ்டேட்’னுன்னா இருக்கணும்?”

“காய்ச்சல் லயத்துலதான் சாரே,” என்றார் தாசையன்.

அது விடையாகாது என்று வெங்கடகிருஷ்ணன் பொறுமையாக விளக்கினார். திருத்திய மனுவில் தோட்டத்து மானேஜர் புதிதாகக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. தாசையன் மலையேறினார்.

எட்டாம் நாள் ‘அட்’ வந்து சேர்ந்தது. அதற்குள் அலுவலகத்தில் ‘ஆலோசனைக் கூட்டம்’ கூடி, இரண்டு அகராதிகளைப் புரட்டி, ‘இன்’தான் சரி என்று ஏகமனதாகத் தீர்மானித்திருந்தது. சூப்பரெண்டு பெருந்தன்மையோடு தம் தவறை ஒப்புக்கொண்டு மனுவைத் திருப்பிக் கொடுத்தார்.

மூன்றாம் முறை ‘இன்’ இருந்தது. ஆனால் முதலிலிருந்தே இருந்த ‘இன் வாண்ட் ஆஃப் கொய்னா’ இப்போதுதான் கண்ணில் பட்டது. ‘இன் நீட் ஆஃப்’ அல்லவா கம்பீரம்?

“வாண்ட்னா இல்லேன்னு அர்த்தம். நீட்னா வேணும்னு அர்த்தம். உமக்கு எது?”

“ரெண்டும்தான் சாரே. முந்தாநாள் ஒரு பிள்ளை போச்சு.”

வெங்கடகிருஷ்ணன் உண்மையாகவே வருந்தினார். பிறகு பேனாவை எடுத்தார்.

“அப்போ பதினேழுங்கறதும் தப்பு. பதினாறுன்னு மாத்திண்டு வாரும்.”

மழை விட்ட பிறகுதான் தாசையன் மறுபடி வந்தார். ஒரு காகிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு நின்றார்.

சூப்பரெண்டு சிவப்பு மைப் பேனாவைத் திறந்துகொண்டு மேலிருந்து கீழாகப் படித்தார். கீழிருந்து மேலாகவும் படித்தார். ஒன்பது பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வயது. ‘இன்’ இல்லை, ‘அட்’ இல்லை, வேறு ஒரு சொல்லும் இல்லை. இருபத்தாறு வருஷ சர்வீஸில் இப்படி ஒரு காகிதம் அவரிடம் வந்ததில்லை.

“இதுல திருத்தறதுக்கு ஒண்ணும் இல்லையே,” என்றார்.

“இல்ல சாரே,” என்றார் தாசையன். “இனி யாராலயும் திருத்த முடியாது.”