காளையோடு கை நனைத்தேன்

இருந்தவர்கள்: என் அப்பா, அம்மா, தரகர். பெண் வீட்டில் பெண்ணின் அப்பா, அம்மா, அண்ணன், பெண் சரசு. எட்டாவது ஆள் நான்.

எழுபதுகளில் ஒரு சித்திரை. பெண்ணின் ஊர் மீனாட்சிபுரம். அதற்கு முன் மூன்று வீட்டில் என்னை வேண்டாம் என்றிருந்தார்கள். (ஒல்லி என்று இரண்டு வீடு. வாயே திறக்கமாட்டான் என்று ஒரு வீடு. எல்லாம் உண்மை.)

சம்மதம் ஆகும்வரை பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது. மோர் மட்டும் குடிக்கலாம். வழியெல்லாம் அம்மா இதையே சொன்னார்.

பெரியவர்கள் பேசினார்கள். நான் மாடு பார்க்கப் போனேன். காளைக்கு வேகவைத்த கொள்ளில் ஆவி பறந்தது. எங்கள் வீட்டுக் காளையின் கொள்ளில் தினமும் இரண்டு பிடி தின்பது என் பழக்கம். கை தானாகப் போனது.

"ஏனுங்க, அது மாட்டுக்குங்க."

சரசு நின்றாள். என் வாய் நிறையக் கொள்ளு. (சிரிக்கப் பார்த்தேன். கொள்ளுதான் வந்தது.)

அவளுக்குப் பின்னால் அவள் அப்பா. "மாட்டுத் தீனி திங்கறவனுக்குப் பொண்ணு இல்லீங்க. மோரைக் குடிச்சுப்போட்டுக் கெளம்புங்க."

எட்டுப் பேரும் குடித்தோம். கிணறு வற்றிக் கலங்கிக் கிடந்த மாதம். மோரில் கலந்ததும் அந்தத் தண்ணீர்தான். பஸ் மாலையில்தான். மதியத்துக்குள் ஒவ்வொருவராகச் செம்போடு தோப்புக்கு ஓடினார்கள். தரகர் செம்பு கிடைக்காமல் மோர்ச் சட்டியோடு ஓடினார்.

பால் நேரம் வந்தது. ஒன்பது பசுவும் மடி கட்டிக் கத்தின. கறக்க ஆளில்லை. நான் உட்கார்ந்தேன். பக்கத்து மாட்டில் சரசு உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்களா?"

"இல்லீங்க."

"நானும் அந்தக் கொள்ளுல தெனமும் ரெண்டு பிடி எடுப்பனுங்க. ஊட்டுல சொல்லிப்போடாதீங்க."

"சொல்லமாட்டனுங்க." (அன்று நான் பேசியதில் அதுதான் நீளம்.)

பாலைச் சங்கத்தில் ஊற்றிவிட்டு வந்தேன். கட்டிலில் கிடந்தபடி அவள் அப்பா சொன்னார்: "கை நனைச்சது நனைச்சாச்சு. இனி என்னங்க மாப்ளே, பேசி முடிச்சிரலாம்." சொன்னதும் மறுபடி ஓடினார்.

எங்கள் மகள் இப்போது நர்ஸ். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "கொள்ளு, சோயாவுல பெண் ஹார்மோன் மாதிரி ஒரு பொருள் இருக்குதுங்கப்பா. பழக்கமாத் தின்னா குடல்ல கிருமி அண்டாம காக்கலாம்னு நெனைக்கறாங்க. முடிவாத் தெரியலை" என்றாள்.

"அப்ப உங்கப்பனுக்குள்ள ஒரு பொம்பளை இருந்துதான் காப்பாத்தியிருக்கா" என்றாள் சரசு. அன்றிலிருந்து எந்த விசேஷத்திலும் என் இலையில் முதலில் கொள்ளு விழும். பிறகு எல்லோரும் சிரிப்பார்கள். நானும் தின்பேன்.

மோர் குடித்தவர்கள் எட்டு. நின்றவர்கள் இரண்டு.