அப்பாவைப் புள்ளி எழுத்தில் அச்சடித்த கதை

அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு ஆள் வராமல் போனதற்கு மழை காரணமில்லை. ஹர்த்தாலும் இல்லை. நான்தான் காரணம். கொஞ்சம் கௌரவமாகச் சொல்வதென்றால், நான் உருவாக்கிய எழுத்துரு.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு டி.டி.பி. கடையில் வேலை பார்த்தேன். ஒரு சி.டி.யில் ஆங்கில எழுத்துரு ஒன்று கிடைத்தது. பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் அடித்ததுபோல எல்லா எழுத்தும் புள்ளி புள்ளியாக இருக்கும். எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. கானமேளா கச்சேரி போஸ்டரிலும் அதுதான், எறணாகுளம் பிராட்வே கடைத்தெருவில் வீடியோ கேம் கடையின் போர்டிலும் அதுதான். பல் டாக்டரின் விசிட்டிங் கார்டில்கூட அதையே போட்டேன் (பெயரில் பூச்சி அரித்ததுபோல இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்). கடையை நடத்திய சேச்சி தலையில் அடித்துக்கொண்டார்.

"மோளே, இது போர்டுக்குக் கொள்ளாம், நல்லா இருக்கும். தூர நின்னு பார்க்கணும். கையில பிடிச்சு வாசிக்க இது வேண்டா."

நான் கேட்கவில்லை. தமிழில் அப்படி ஓர் எழுத்துரு என் கையில் கிடைக்காததால், கட்டம் போட்ட நோட்டில் புள்ளி வைத்து நானே செய்ய ஆரம்பித்தேன். அதற்குக் காரணம் அப்பா.

அப்பா மாரிமுத்து முனிசிபாலிட்டியில் துப்புரவு வேலை பார்த்தவர். அவர் பெயர் அச்சில் வந்த ஒரே இடம் சம்பளச் சீட்டு. அதில் புள்ளி புள்ளியாக ஆங்கிலத்தில் இருக்கும். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் தன் பெயரின் உருவம் மட்டும் அவருக்குத் தெரியும். ஒரு சீட்டையும் அவர் தூக்கிப் போட்டதில்லை.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவர் பெயரைத் தமிழ்ப் புள்ளிகளில் பெரிதாக அடித்துக்கொண்டு போய்க் காட்டினேன். கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "நம்ம பாஷையிலயும் எழுதுமா இது?" என்றார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததில்லை.

அதற்கு நான்காம் நாள் போய்விட்டார். அன்று ஹர்த்தால். பஸ் இல்லை, போட் இல்லை. அவரோடு குப்பை வண்டி தள்ளியவர்கள் எல்லாரும் தண்ணீருக்கு அந்தப் பக்கம் எறணாகுளத்தில் முனிசிபல் குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். நாங்களும் அங்கே இருந்தவர்கள்தான். அப்பா ரிட்டயர் ஆன பிறகுதான் மட்டாஞ்சேரிக்கு வந்தோம். ஒருவராலும் வந்து முகம் பார்க்க முடியவில்லை. பதினாறாம் நாளாவது அவர்கள் வந்து சாப்பிட வேண்டும் என்பது மட்டுமே அம்மாவின் ஆசை.

"நேர்ல போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வாடீ" என்றாள் அம்மா.

"கார்டு அடிச்சு அனுப்பறேம்மா. அதுதான் மரியாதை" என்றேன் (மரியாதையைப் பற்றி அப்போது எனக்கு எல்லாம் தெரியும்).

கார்டு முழுவதும் என் புள்ளி எழுத்து, பொடி அளவில். மேலே கம்ப்யூட்டரே அவரவர் குவார்ட்டர்ஸ் எண்ணைப் போட்டுக்கொடுக்கும்படி செய்தேன். கடையில் மிச்சமிருந்த காக்கி உறையில் போட்டு நாற்பது வீட்டுக்கும் தபாலில் அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை நூறு பேருக்குச் சமைத்தோம். ஆலுவாவிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்தது. சேச்சி வந்தார். அக்கம்பக்கத்தோடு சேர்த்துப் பதினொரு பேர். பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா வாசலுக்குப் போய்விட்டு வந்தாள். மூன்று மணிக்குப் பிறகு போகவில்லை.

மறுநாள் காலை கடைக்கு வேலு மாமா வந்தார். அப்பாவோடு ஒரே வண்டியைத் தள்ளியவர். கையில் காக்கி உறை.

"மோளே, நீ கம்ப்யூட்டர் படிச்சவ. இதை வாசிச்சுச் சொல்லு. எங்களை எப்போ எறக்கி விடப் போறாங்க?"

உறையைப் பார்த்தேன். நான் அனுப்பியதுதான்.

"பிள்ளைங்களுக்கு மலையாளம்தான் வாசிக்கத் தெரியும். எனக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும், ஆனா இந்த எழுத்து புடிபடல. குவார்ட்டர்ஸ் நம்பரும் தேதியும் மட்டும் தெளிவா இருக்கு. குவார்ட்டர்ஸை இடிக்கப் போறாங்கன்னு ஆறு மாசமாப் பேச்சு இருக்குல்ல? புள்ளி எழுத்துல வந்தா ஆபீஸ் கடுதாசிதானே! நேத்து ஒருத்தரும் வெளிய போகல. சாமானை உள்ள வச்சுப் பூட்டிட்டு எல்லாரும் வாசல்லயே காவல் இருந்தோம்."

அப்பாவின் நாற்பது கூட்டாளிகள், அப்பாவின் அழைப்பிதழைத் தங்களைத் துரத்த வந்த நோட்டீஸ் என்று நம்பி நாள் முழுக்கக் காவல் இருந்திருக்கிறார்கள்.

"நேத்துதான் மாரியோட பதினாறுன்னு எங்களுக்குத் தெரியும் மோளே," என்றார் மாமா, தலையைக் குனிந்துகொண்டு. "நீங்க சொல்லி விடல. வீடு மாறிப் போனதும் எங்களை வேண்டாம்னு வச்சுட்டீங்கன்னு நெனச்சோம்."

கார்டை வாங்கி வாசித்தேன். அப்பாவின் பெயர் வந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினேன். மாமா அதைத் திரும்ப வாங்கி, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "ஆமா, மாரின்னுதான் இருக்கு" என்றார். கடைப்படியிலேயே உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன்.

அன்று சாயங்காலம் நாற்பது வீட்டிலிருந்தும் வந்தார்கள். சோறு இல்லை. அம்மா எல்லாருக்கும் பால் விடாத கட்டன் சாயா போட்டுக்கொடுத்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்றும் வீட்டுக்குக் கரண்ட் பில் வந்தால் அம்மா சும்மா விடமாட்டாள். "முழுசா வாசிடீ, யாரோட பதினாறோ" என்பாள். எல்லாரும் சிரிப்போம். போன வாரம் அவளை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத் திரும்பும்போது ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எனக்குக் கார்டெல்லாம் வேண்டாம். நீ நேர்ல போயிச் சொல்லு."